வெயில் கங்காணியும் ஓர் அரைப் பேர் போத்தலும்

சூரியன் பிந்தி வந்ததற்காக அதை முகத்துக்கு நேரே ஏசிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அதையும் அவர் வெயில் கொளுத்துகிற ஊரில் இருந்து செய்யவில்லை. வட்டவளைக்கு மேலே, வருஷத்தில் பாதி மழையும் மீதியில் பாதி மூட்டமுமாகக் கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்து செய்தார். அங்கே வெயில் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. வரும், ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் இருக்கும், பஸ் போய்விடும் என்று சொல்லிப் புறப்பட்டுவிடும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தோட்டம் முழுக்க 'வெயில் கங்காணி' என்றால்தான் தெரியும். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், பேனா முதலில் என் வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறது. சரி, எழுதிவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு பொறாமை.

நான் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பொறுப்பாக இருந்தவன். யாழ்ப்பாணத்தான். டாக்டர் இல்லை. மருந்து கொடுக்கவும் ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் படித்துப் பாஸ் பண்ணிய ஆள், அவ்வளவுதான். ஆனால் தோட்டத்தில் எல்லோருக்கும் நான் 'டாக்டரய்யா'. ஒருநாளும் நான் அதைத் திருத்தியது கிடையாது. தொண்ணூறுகளில் சண்டையால் ஊருக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. மனைவியும் நானும் மலை உச்சியில் ஒரு குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

தோட்டத்தின் கீழ்ப்பிரிவைக் கீழ்க்கணக்கு என்பார்கள். அங்கே தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக ஒட்டிக் குடியிருக்கும் ஆறு லயங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பீலி. மலைக்குள் மண்ணுக்கடியில் ஊறி வருகிற தண்ணீரை ஒரு குழாய் வைத்து விழவிட்டிருப்பார்கள், அதுதான் பீலி. பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால் ஊற்றுக்கு நேர் மேலே, மேட்டில், வெள்ளைக்காரன் காலத்து மலசலகூடக் குழிகள் வரிசையாக இருந்தன. மேலே குழி, கீழே குடிதண்ணீர். மழை பெய்யப் பெய்ய எல்லாம் மண்ணுக்குள் இறங்கி ஊற்றோடு கலந்துவிடும்.

வருஷா வருஷம் வயிற்றோட்டம். ஒரு வருஷம் மூன்றாம் லயத்துச் செல்லம்மாவின் கைக்குழந்தை ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரோடு திரும்பி வரவில்லை. அந்தக் குழந்தை பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவன் நான். அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. பீலியில் நின்று சொன்னேன், கோயிலில் நின்று சொன்னேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று தொண்டை கிழியச் சொன்னேன். "தண்ணியைக் கொதிக்க வைச்சு, ஆற வைச்சுக் குடியுங்கோ!" அடுப்பும் பானையும் கிருமியும் கீறிப் படமாகவும் ஒட்டினேன். அந்தக் கிருமிக்கு மீசையெல்லாம் வைத்திருந்தேன்.

"சரிங்கய்யா" என்பார்கள். அந்தச் 'சரிங்கய்யா'வை எட்டு வருஷம் கேட்டேன். ஒருத்தரும் கொதிக்க வைக்கவில்லை.

செல்லம்மா ஒருநாள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே கேட்டாள். "கொதிக்க வைக்கிறோங்கய்யா. ஏழு மணிக்கு மலைக்கு ஏறணும். வெறகெல்லாம் நனஞ்சு கெடக்கு. ஊதி ஊதி ரொட்டி சுடவே விடிஞ்சு போகுது. நீங்க வந்து ஊதுறீங்களா?"

நான் அதை வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். அது பதில் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இனி நம்முடைய ஆளுக்கு வருவோம். முப்பது வருஷம் கங்காணியாக ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். முழங்காலுக்குக் கீழே வருகிற காக்கிக் காற்சட்டை, தோட்டத்தை நடத்திய எந்தத் தொரை கழித்து விட்டதோ தெரியாத ஒரு கறுப்புக் கோட்டு, கையில் குடை. அந்தக் குடையை மழைக்கு விரித்து நான் பார்த்ததில்லை. அது ஆளைக் காட்டிக் கூப்பிடுவதற்கு மட்டும். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்துக்கு வந்து குடையை நீட்டி "நீ ஏழாம் மலைக்குப் போ, நீ ஒம்பதுக்குப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், பாதிப் பேர் அவர் சொன்ன மலைக்கே போய்விட்டார்கள். கடைசியில் கணக்கப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டு, "கங்காணி, நீங்க வூட்டுல இருந்தாத்தான் எனக்கு வேல நடக்கும்" என்று அனுப்பி வைத்தார். மேய்க்க ஆளில்லாத கங்காணி ஒரு மாதத்தில் பாதியாக இளைத்துப் போனார்.

அப்போதுதான் ஒரு ஜீப் வந்தது. எங்கேயோ தண்ணீர் வேலை செய்கிற ஒரு நிறுவனத்துப் பெண் பிள்ளை வந்து, புள்ளைக் காம்பராவில் கூட்டம் போட்டாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. "நெருப்பு வேண்டாம், மருந்து வேண்டாம், சூரிய சக்தியே போதும்" என்றாள். நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீரை நிரப்பி, மூடி, கூரைத் தகரத்தில் படுக்க வைக்க வேண்டும். நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் கிடந்தால் கிருமிகள் செத்துவிடும். மூட்டம் என்றால் அடுத்தடுத்து இரண்டு நாள் கிடக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். பன்னிரண்டு போத்தல்களைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் பின்வரிசை வாங்கிலில் உட்கார்ந்து சிரித்தேன். "பிள்ளை, நீர் ஊர் மாறி வந்திட்டீர். இஞ்ச வெயிலுக்கு நாங்களே லீவுக் கடிதம் குடுத்துத்தான் அனுப்புறது" என்று பகிடியும் விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் முன்வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு போத்தலையும் அவர்தான் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஆறு மணி. ஒரு பிரசவம் பார்த்துவிட்டு மூன்றாம் லயத்துப் பின்பக்கமாக வருகிறேன். அங்கே லயத்தின் கூரை மண்மேட்டோடு ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் இருக்கும். மேட்டில் கோட்டும் குடையுமாகக் கங்காணி. எதிரே தகரத்தின் பள்ளங்களில் வரிசையாகப் பன்னிரண்டு போத்தல்.

"ஒண்ணாம் நம்பர், நெட்டுக்குத்தா நிக்காத, படு! ஒனக்கு வேலையே படுத்துக் கெடக்குறதுதான். ஒன்னயப் போலக் குடுத்து வச்சவன் தோட்டத்துல யாரு இருக்கா? மூணாம் நம்பர், சட்டையக் கழட்டு!" போத்தலில் ஒட்டியிருந்த கடதாசியை உரித்தார். அடுத்தது யாரோ புதிதாகக் கொண்டுவந்து வைத்திருந்த பச்சைப் போத்தல். அதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டா வேலைக்கு வர்ற? போ வூட்டுக்கு!"

பிறகு கிழக்கே திரும்பிக் குடையை நீட்டினார். அங்கே ஒரே மூட்டம். "பெரிய தொரை இன்னும் பங்களாவுல தூங்குறாரு. இங்க பன்னெண்டு ஆளு ஆறு மணிக்கே வந்து படுத்துக் கெடக்கு. நல்லாவா இருக்கு இது? எந்திரிச்சு வாங்க தொரை!"

மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணி, கையைப் பிடித்து நாடி பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக அடித்தது. எனக்கு எரிச்சல் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

தண்ணீர் கலங்கலா இல்லையா என்று பார்க்க, போத்தலுக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண். கங்காணிக்கு எழுத்துத் தெரியாது. அவர் தன் அடையாள அட்டையைப் பின்னால் பிடித்தார். "என் மூஞ்சி எனக்குத் தெரியணும். தெரியலன்னா தண்ணி கலங்கல். துணியில வடிகட்டிட்டு வா" என்றார். ஒரு கிழமையில் கீழ்க்கணக்கில் எல்லாரும் போத்தலைத் தூக்கிக்கொண்டு கங்காணியின் மூஞ்சியைப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

ஆனால் அவர் என்னைத் தோற்கடித்தது வேறு ஒரு விஷயத்தில். ஆறு மணித்தியாலம், மூட்டம் என்றால் இரண்டு நாள் என்ற கணக்கை இந்த மனிதர்களுக்கு எப்படி விளங்கவைப்பது? நான் என்றால் மணிக்கூட்டுப் படம் கீறி, அதற்கும் மீசை வைத்திருப்பேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று சொல்வார்கள். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப் பேர்' போட்டு அனுப்பிவிடுவார்கள். அரைப் பேரின் வலி அறியாத பெண் அங்கே கிடையாது. கங்காணி பின்னேரம் நாலு மணிக்குக் கூரைக்கு வருவார். அன்று வெயில் நன்றாக எறித்திருந்தால், "எல்லாருக்கும் முழுப் பேரு! எடுத்துட்டுப் போய்க் குடிங்க" என்பார். மூட்டமாக இருந்தால், "இன்னைக்கு அரைப் பேருதான். நாளைக்கும் வேலைக்கு வரணும்" என்று சொல்லி, போத்தல் கழுத்தில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டிவிடுவார்.

அவ்வளவுதான். ஒரு படம் இல்லை, ஒரு பிரசங்கம் இல்லை. தவழுகிற பிள்ளைகூடச் சிவப்புத் துணி கட்டிய போத்தலைத் தொடாது. அரைப் பேர்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று கீழ்க்கணக்கு முழுவதுக்கும் ஒரே பின்னேரத்தில் விளங்கிவிட்டது. எட்டு வருஷம் நான் கத்தியது எல்லாம் பீலித் தண்ணீரோடு ஓடிப் போயிற்று. எனக்கு எரியாமல் என்ன செய்யும்?

"அடை மழை பெய்தா என்ன செய்வியள், கங்காணி?" என்று மடக்கினேன்.

"அன்னைக்குப் போத்தலுக்கெல்லாம் லீவுங்கய்யா. அன்னைக்கு நீங்க சொன்ன மாதிரிக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்னு சொல்லிட்டேன். வெயிலுக்கு நானு, மழைக்கு நீங்க."

"மேல தேயிலைக்குள்ள அடிக்கிற புல்லு மருந்து தண்ணியில கலந்தா? அதுக்கு உங்கட வெயில் என்ன செய்யும்?"

"அது ஒண்ணுஞ் செய்யாதுன்னு அந்தப் புள்ள சொல்லிருச்சு. அதனால பீலிக்கு மேல மருந்தடிக்க வேணாம்னு கணக்கப்பிள்ளை கால்ல விழுந்துட்டு வந்தேன்."

அதற்கும் பதில் வைத்திருந்தார். எரிச்சலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நான் டிஸ்பென்சரிக்குப் போய் மருந்துப் போத்தல்களைத் துடைத்தேன்.

பன்னிரண்டு போத்தல் எந்த மூலைக்குக் காணும்? சிவனொளிபாத மலைக்கு ஏறும் காலத்தில் அடிவாரத்து நல்லதண்ணி ஊருக்கு யாத்திரைக் கூட்டம் வரும். தண்ணீர் குடித்துவிட்டு வெற்றுப் போத்தலை வழியெல்லாம் எறிந்துவிட்டுப் போவார்கள். கங்காணி இரண்டு சாக்கோடு பஸ் ஏறினார். "எங்கே பயணம்?" என்று கேட்டதற்கு, "ஆள் கட்டப் போறேங்கய்யா! எங்க பாட்டன் இந்தியாவுக்குப் போய் ஆள் கட்டிக் கூட்டியாந்தாரு. எனக்கு நல்லதண்ணி பக்கந்தானே" என்றார். திரும்பி வரும்போது சாக்குகள் பஸ்ஸின் பாதியை அடைத்துவிட்டன. கண்டக்டர் சிங்களத்தில், "மொனவத சீயா மேவா?" என்று கேட்டிருக்கிறான். இதெல்லாம் என்ன தாத்தா என்று அர்த்தம். இவர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "மகே மினிஸ்ஸு" என்றாராம். என் ஆட்கள்! பஸ்ஸே சிரித்ததாம். கண்டக்டரே இறங்கி வந்து சாக்கைத் தூக்கி விட்டானாம்.

அந்த வருஷம் கீழ்க்கணக்குக் கூரைகள் எல்லாம் மின்னின. வயிற்றோட்டம் என்று டிஸ்பென்சரிக்கு வருகிற பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். நல்ல மனிதன் என்றால் சந்தோஷப்பட வேண்டும். நானும் பட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு கல் கிடந்து குத்தியது. இதைச் செய்தது நானாக இருந்திருக்கக் கூடாதா?

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒருநாள் குசினிக்குப் பின்னால் போனேன். எங்கள் கூரையில் நாலு போத்தல் மல்லாந்து கிடக்கின்றன.

"இதென்னப்பா இது?"

"இஞ்சேருங்கோ, கோவிக்காதேங்கோ" என்றாள் மனைவி. "கங்காணி கொண்டுவந்து தந்தவர். விறகு எவ்வளவு மிச்சம் தெரியுமே? மூண்டு மாசமா நீங்களும் இதைத்தானே குடிக்கிறியள். போன கிழமை தண்ணி நல்ல ருசி எண்டு சொன்னதும் நீங்கள்தான்."

சொன்னது உண்மை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன்.

பிறகு யாரோ பெரிய ஆட்கள் பார்க்க வந்தார்கள். படம் எடுத்தார்கள். நடுவில் மாலையோடு கங்காணி, இரண்டு பக்கமும் செல்லம்மா வகையறா, பின்னால் தொரை. ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை முழங்கை தெரியும். அது நான்.

வந்தவர்கள் போனதும் தொரை என்னைக் கூப்பிட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் லயக் கூரைகள் பழைய சாமான் கடை மாதிரி இருக்கின்றன என்பது அவருடைய கவலை. "ஒரு போத்தலை எடுத்து நகரத்துக்கு அனுப்பிச் சோதிச்சுப் பாருங்க. தண்ணி சுத்தம்னா இருக்கட்டும். இல்லைன்னா ஒரே நாள்ல எல்லாக் கூரையையும் துப்புரவாக்கிடணும்" என்றார். எடுக்க வேண்டிய போத்தலை நானே தெரிவு செய்யலாம். நாளைக் காலை தொழிற்சாலை லொறி கண்டிக்குப் போகிறது, அதில் கொடுத்தனுப்ப வேண்டும்.

இனி எழுதப்போவதை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்கும்தான்.

அன்றைக்கு மூட்டம். நடுப்பகல் லயங்களில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். கூரையில் முழுப் பேர் வாங்கிய போத்தல்களும் கிடந்தன, முந்தின நாள் வைத்துச் சிவப்புத் துணி கட்டியவையும் கிடந்தன. என் கை நேராகச் சிவப்புத் துணிக்குத்தான் போனது. துணியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். போத்தலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்து, டிஸ்பென்சரி அலுமாரியில் சோதனைப் பெட்டிக்குள் வைத்தேன். கிருமி சாகாத தண்ணீர். சோதனையில் தோற்கும். தோற்றால் கூரைகள் காலியாகும். கங்காணி பழையபடி மேய்க்க ஆளில்லாமல் நிற்பார். எல்லோரும் என்னிடம் வருவார்கள். லயத்துக் கூரை பழுதாகப் போகிறதே, அதற்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொன்னேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

பின்னேரம் நாலு மணிப் பெரட்டில் ஓர் ஆள் குறைந்தது.

நாலரைக்கு வெளியே கங்காணியின் குரல். தூறல் விழுகிறது, குடை மடித்தபடியே இருக்கிறது, லயம் லயமாகக் கதவைத் தட்டிக்கொண்டு போகிறார். "ஏ புள்ள, அரைப் பேரு போத்தல் ஒண்ணக் காணோம்! யாராச்சும் தெரியாம எடுத்தீங்களா? எடுத்திருந்தா திட்ட மாட்டேன், குடிச்சுப்புடாதீங்க! சாமி, குடிச்சுப்புடாதீங்க!"

ஆறு லயத்தையும் முடித்துவிட்டு, சொட்டச் சொட்ட என் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். கோட்டிலிருந்து தண்ணீர் என் படிக்கட்டில் வடிந்தது.

"அய்யா, இருவத்தேழாம் நம்பரக் காணோம். யாரோ ஒரு புள்ள குடிச்சிருக்கும். ராவைக்கு யாராச்சும் வவுத்தால போகுதுன்னு தூக்கியாந்தா, உப்புத்தண்ணி கரைச்சுக் குடுக்கணும், தயாரா வச்சிருங்க. அது என் தப்புன்னு எழுதிக்குங்க. அந்தக் கூரைக்குக் கங்காணி நான்தானே."

அலுமாரி எனக்குப் பின்னால் இரண்டு அடியில் இருந்தது. சொல்லியிருக்கலாம். "ஓம், பாப்பம்" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

விடிந்தது. கதவைத் திறந்து கீழே பார்த்தேன். கீழ்க்கணக்கு முழுவதும் புகை. ஆறு லயத்திலும், ஒரு வீடு விடாமல், கூரை இடுக்கெல்லாம் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். பீலியடியில் செல்லம்மா குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஊதி ஊதிக் கண் சிவந்திருந்தது.

"காணாமப் போன போத்தல் துணி அவுந்து எதோட கலந்துச்சோ, அது கெடைக்கிற வரைக்கும் யாரும் எந்தப் போத்தல்லயும் குடிக்கக் கூடாது, எல்லாரும் கொதிக்க வச்சுக் குடிங்கன்னு கங்காணி சொல்லிட்டாருங்கய்யா" என்றாள். "நாலு மணிக்கே எந்திரிச்சு ஊதுறோம். எப்பிடியும் ஒங்க ஆச நெறவேறிருச்சு."

எட்டு வருஷம் நான் கனவில் கண்ட காட்சி அது. ஒரு தோட்டமே தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. நான் படம் கீறியபோது கொதிக்காத தண்ணீர், நான் திருடியதால் கொதிக்கிறது. அதிலும் என் சொல்லுக்கு இல்லை, அவருடைய சொல்லுக்கு. ஈர விறகை ஊதிய கண்களோடு அந்தப் பெண்கள் ஏழு மணிக்கு மலை ஏறப் போகிறார்கள். அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்தது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி வெட்கம் வந்ததில்லை.

மேலே லொறி ஹோர்ன் அடித்தது. இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்துக்கொண்டு மூன்றாம் லயத்துப் பின்மேட்டுக்குப் போனேன். கங்காணி கூரைக்கு முன்னால் குந்தியிருந்தார். இருபத்தேழாம் நம்பரின் இடம் வெறுமையாகக் கிடந்தது.

"கங்காணி" என்றேன். போத்தலையும் சிவப்புத் துணியையும் நீட்டினேன். "நான்தான் எடுத்தனான்."

அவர் எழுந்தார். போத்தலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பதறிப்போய்க் கேட்டார்:

"அய்யா, நீங்க குடிக்கலையே?"

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தால் சொல்ல ஒரு பொய் வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். சோதனை, தொரை, லொறி எல்லாம் சொன்னேன். "எனக்கு உங்கள்ல பொறாமை, கங்காணி. எட்டு வருஷமாச் சொன்னனான், ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் ஒரு துணியைக் கட்டினியள், எல்லாரும் கேக்கினம்."

கங்காணி போத்தலைத் தூக்கி, பின்னால் அடையாள அட்டையைப் பிடித்துப் பார்த்தார். திருப்தியாகி, அதன் இடத்தில் படுக்க வைத்தார். கழுத்தில் அந்தத் துணியைத் திரும்பக் கட்டினார்.

"முப்பது வருசம் ஆளுகளுக்கு அரைப் பேரு போட்டேங்கய்யா" என்றார் மெதுவாக. "மழையில நனஞ்சுக்கிட்டு நிக்கிற பொம்பளைக்கும் போட்டிருக்கேன். புள்ளத்தாச்சிக்கும் போட்டிருக்கேன். அவுங்க மறுநா எவ்வளவு எடுத்தாலும் மொத நா அரை அரைதான், முழுசாவாது. அது தோட்டத்துச் சட்டம். அந்த ஜீப்புப் புள்ள வந்து, ரெண்டு நா கெடந்தா சரியாப்போகும்னு சொல்லுச்சு பாருங்க, அன்னைக்கு எனக்கு அழுகையே வந்திருச்சு. இந்தக் கூரைச் சட்டத்துல அரையும் அரையும் ஒண்ணுங்கய்யா."

பிறகு குடையை என் பக்கம் நீட்டினார். அவர் ஆட்களைக் கூப்பிடுகிற அதே நீட்டு.

"நீங்க நேத்து அரைப் பேரு. இன்னைக்கும் வந்துட்டீங்கல்ல? போங்க, சரியாப் போச்சு."

அன்று பின்னேரம் பெரட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். கங்காணி குடையை உயர்த்தி அறிவித்தார். "போத்தல் கெடைச்சிருச்சு! டாக்டரய்யாதான் கண்டுபுடிச்சுக் குடுத்தாரு. யாரும் குடிக்கல." செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டு வருஷத்தில் கீழ்க்கணக்கு எனக்காகக் கை தட்டியது அன்றைக்குத்தான். அதுவும் அவர் போட்டுத் தந்த பேர். அதற்கும் சேர்த்து எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா?

அடுத்த கிழமை முழுப் பேர்ப் போத்தல் ஒன்றைக் கங்காணியே தெரிவு செய்து, வழியில் குலுக்காமல் போகச் சொல்லி லொறிச் சாரதிக்குப் புத்தி சொல்லி ஏற்றினார். தண்ணீர் குடிக்க உகந்தது என்று பதில் வந்தது. தொரை கூரைகளை விட்டுவிட்டார். குழிகளை இடம் மாற்றி, பீலிக்குப் பதிலாக ஒரு நல்ல குழாய் வருவதற்கு இன்னும் சில வருஷம் பிடித்தது. அதுவரை அந்தக் கூரையில் பெரட்டு நடந்தது. கங்காணி அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை என்று, நாங்கள் ஊர் திரும்பிய பிறகு செல்லம்மா எழுதியிருந்தாள்.

பாதை திறந்த பிறகு மனைவியும் நானும் ஊருக்கே வந்துவிட்டோம். எங்கள் கிணறு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குசினிக் கூரையில் இரண்டு போத்தல் கிடக்கும், மனைவி வைப்பாள், நான் ஒன்றும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒருவரும் ஏசாமலே பெரிய தொரை காலை ஆறு மணிக்கே வந்து நிற்கிறார். குடையை நீட்டிப் பெரட்டு எடுக்கத்தான் ஆளில்லை.